வகுப்பறை எழுதும் பாடத்திட்டம்

சீகிரியாவில் பயணிகளை அழைத்துப்போகும் வழிகாட்டிகள் பலர் அந்நிய மொழிகளைத் தொழிலின் ஊடாகவே பேசப் பழகியவர்கள். குன்றேறும் பாதைதான் அவர்களுடைய பாடத்திட்டம். அகழி, ஓவியங்கள், கண்ணாடிச் சுவர், சிங்கப் பாதம் என்று ஒவ்வோர் இடத்திலும் அதே கேள்விகள் நாள்தோறும் வருகின்றன. பதில்களும் நாளடைவில் சீராகிவிடுகின்றன. அந்தப் பகுதியின் சிங்களப் பிள்ளைக்கு, இரண்டாம் தேசிய மொழி என்ற பெயரில், ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை தமிழும் ஒரு பாடம். ஆனால் மாத்தளை மாவட்டத்துத் தமிழரில் பெரும்பாலோர் தெற்கே, நகரிலும் தோட்டங்களிலும் வாழ்கிறார்கள். வழிகாட்டிக்குப் பயணிகள் உண்டு; படித்த தமிழைப் பேசிப் பார்க்க அந்தப் பிள்ளைக்கோ பக்கத்தில் ஆளில்லை. இந்தச் சூழலைக் கணக்கில் எடுக்காமல் மொழிப் பாடத்தை வகுக்க முடியாது. மொழிக் கற்பித்தல் துறைக்கு இது எளிதில் புரிந்துவிடவில்லை.

முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கல் வெஸ்ட். வங்காளத்துப் பிள்ளைகளில் பலர் படிப்பை முடிக்காமலே நின்றுவிடுகிறார்கள் என்பதை மறைக்காமல் வைத்தே 1926இல் வெளிவந்த அவரது ஆய்வு நகர்கிறது. பாதியில் நிற்பவருக்கும் படித்த அளவுக்குப் பயன் மிஞ்ச வேண்டும். வாசிப்புத்தான் அப்படி மிஞ்சும் என்று கண்டு, சொற்களை அளந்து தரும் வாசிப்பு நூல்களை எழுதினார். 1960இல், நெருக்கியடித்த வாங்குகளையும் ஆங்கிலம் சரளமாக வராத ஆசிரியரையும் மனத்தில் வைத்து, கடினச் சூழலில் கற்பிப்பது பற்றித் தனி நூலே கொண்டுவந்தார்.

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னை மாநிலம் 27,000 ஆங்கில ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர முனைந்தது. சிலர் கற்று, அவர்கள் பலருக்குக் கற்பிக்கும் சங்கிலி முறை அது. இத்தகைய பயிற்சி கைமாறக் கைமாற, செய்முறை தங்கி அதன் காரணம் உதிர்ந்துபோகும் என்பதே என் அச்சம்.

என்.எஸ். பிரபுவின் பெங்களூர்த் திட்டத்தை (1979–84) நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில், கரும்பலகையும் தாளும் மட்டுமே கொண்டு அவர் வேலை செய்தார். இலக்கண வரிசை கிடையாது. இரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியைப் பிடிப்பது, வரைபடத்தில் எந்த வழியில் போவது என்று பிள்ளைகள் யோசித்தார்கள். ஆங்கிலம் அந்த யோசனையின் ஊடே வந்தது. குழு வேலையை அவர் வேண்டுமென்றே தவிர்த்தார். பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நல்ல ஆங்கிலம் பெரும்பாலும் ஆசிரியர் வாயிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. வகுப்பின் வறுமையை இவ்வளவு நேர்மையாகக் கணக்கிட்ட திட்டங்கள் குறைவு. ஆனாலும் ஒன்று இடித்தது. இந்த முறையைத் திட்டக்குழுவினர் கையாண்ட அளவுக்கு வழக்கமான பள்ளி ஆசிரியர்களால் கையாள முடியவில்லை என்று ஆலன் பெரெட்டாவின் ஆய்வு காட்டியது. கரும்பலகையை எண்ணியவர்கள், ஆசிரியரின் தன்னம்பிக்கையை எண்ணத் தவறினார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், போர்க்காலத்தில், சுரேஷ் கனகராஜா கண்டது இதைவிடக் கூர்மையானது. கலைப்பீட மாணவர்களின் கையில் இருந்தது அமெரிக்க வாழ்க்கையைப் பேசும் ஆங்கிலப் பாடநூல். ஓரங்களில் படங்களும் குறிப்புகளுமாக மாணவர்கள் தங்கள் உலகத்தை வரைந்து வைத்தார்கள். அதே மாணவர்கள் பரீட்சைக்காக இலக்கணத்தையே கேட்டார்கள். பாடநூலின் உள்ளடக்கம் ஒட்டவில்லை, பரீட்சையை விடவும் முடியவில்லை. 1999இல் வந்த அவரது நூல் இந்த முரணை மூடி மறைக்கவில்லை.

இலங்கையில் பரீட்சையின் பிடி பாடசாலையோடு முடிவதில்லை. 2007 ஜூலை முதல் நியமனம் பெறும் அரச ஊழியர் ஐந்தாண்டுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற சுற்றறிக்கை நல்ல நோக்கம் கொண்டது. ஆனால் சித்தியடைவதே இலக்கானால் எழுத்துத் தமிழ் முன்னே வரும்; மருத்துவமனையிலும் பிரதேச செயலகத்திலும் ஒரு தோட்டத் தொழிலாளி பேசும் தமிழ் பின்னே போகும். சிங்களத்திலும் பேச்சுக்கும் எழுத்துக்கும் இதே இடைவெளி உண்டு. பேச்சில் எழுவாய்க்கேற்ப மாறாத வினை, எழுத்தில் மாறும்.

எழுத்துமுறையும் தன் கணக்கைக் கேட்கிறது. தமிழில் ஒரே 'ப', 'பல்' என்பதில் ஓர் ஒலியும் 'அன்பு' என்பதில் வேறோர் ஒலியும் தரும். இவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து வைத்துப் பழகிய சிங்களப் பிள்ளைக்கு இடத்தைப் பார்த்து ஒலிக்கும் பழக்கம் புதிது. சிங்களம் படிக்கும் தோட்டப் பிள்ளைக்கோ அதிக எழுத்துகளே சுமை. ஆகவே இரு திசைக்கும் ஒரே அச்சில் பாடம் வார்ப்பது தவறு. சீகிரியாப் பிள்ளைக்கு முதல் ஆண்டில் கேட்கவும் பேசவும் மலையகத் தமிழைக் கொடுக்கலாம். அந்தத் தமிழைச் சரளமாகப் பேசாத ஆசிரியருக்கும் உதவ, ஒலிப்பதிவுகளைப் பாடநூலோடு சேர்த்தே வழங்க வேண்டும்.