மழையில் மட்கார்டு

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் கார் ஏற்றிய ஒரு டிரெய்லர் கடந்துபோனால் போதும், சைக்கிள் குழு மொத்தமும் குளித்துவிடும். அதைவிட மோசம், முன்னால் போகிறவரின் பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு. எதிர்காற்றுக்குத் தப்ப ஒருவர் பின் ஒருவர் ஒட்டி ஓட்டுவது நெடுந்தூரக் குழுக்களின் உத்தி. மழையில் அதே உத்தி வாயில் மணலைப் போடுகிறது.

மட்கார்டின் அருமை அப்போதுதான் தெரியும். அதன் நுனியில் தரையை உரசாத குறையாகத் தொங்கும் ரப்பர் பட்டை, ஓட்டுகிறவரைவிடப் பின்னால் வருகிறவருக்கே அதிகம் உதவுகிறது. சைக்கிளில் இத்தனை பரோபகாரியான பாகம் வேறில்லை.

லட்ச ரூபாய்ப் பந்தய சைக்கிள்களில் எடை கூடும் என்று அதை வைப்பதே இல்லை. ஒரகடத்தில் ஷிப்டுக்குப் போகிறவரின் பழைய சைக்கிளில் இரும்பு மட்கார்டு முன்னும் பின்னும் உண்டு. மழைநாளில் யார் கெட்டிக்காரர் என்று கேட்கவே வேண்டாம்.

பிரான்சில் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1,200 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 2007இல் அங்கே மழை விடாமல் அடித்தது. அப்படிப்பட்ட மழையில் எடைக் கணக்கைவிட மட்கார்டே பெரிது.

மட்கார்டாலும் ஆகாத ஒன்று பிரேக். நனைந்த ரிம்மில் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கும், பிறகே பிடிக்கும். ஆகவே இடைவெளியைக் கூட்டுவார்கள். தேங்கிய நீருக்கடியில் பள்ளம் இருந்தால், “குழி!” என்று முன்னவர் போடும் சத்தம் பின்வரிசைவரை கைமாறிப் போகும்.