இரண்டாம் இன்னிங்ஸுக்கு இரண்டு ஸ்கோர்

வெங்கட் பிரபு இயக்கிய ‘சென்னை 600028’ படத்தின் இரண்டாம் பாகமான ‘செகண்ட் இன்னிங்ஸ்’ 2016 டிசம்பர் 9ஆம் தேதி திரைக்கு வந்தது. பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் கூடிச் சிரிக்கவைக்கும் சிறு முதலீட்டுப் படம். இயக்குநரின் சொந்த நிறுவனமான பிளாக் டிக்கெட் கம்பெனியே தயாரித்தது. பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாராருக்கு அது ஒன்பதாண்டு கழித்துப் பழைய கூட்டாளிகளைச் சந்தித்த மகிழ்ச்சி. மறு சாராருக்கு அது கதையில்லாமல் நீளும் குடி விருந்து. இரு தரப்பும் சான்றாகச் சொன்னது பெரும்பாலும் அதே காட்சிகளைத்தான்.

இந்தப் பிளவின் வேர் முதல் பாகத்தில் இருக்கிறது. எஸ்.பி.பி. சரண் தயாரித்த அந்தப் படம் 2007 ஏப்ரல் 27 அன்று வெளியானது. மறுநாள் பார்படோஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்; இந்தியா அதில் இல்லை. மார்ச் மாதமே வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றோடு ஊர் திரும்பியிருந்தது. தொலைக்காட்சியில் பார்க்கும் கிரிக்கெட் மீது கசப்பு மண்டிக் கிடந்த கோடை விடுமுறையில், விசாலாட்சி தோட்டத்துப் பையன்களின் டென்னிஸ் பந்து ஆட்டம் வந்து சேர்ந்தது. பழைய பேட்டையில் ராக்கர்ஸ் அணிக்கு ஆடிய ரகு, வீடு மாறிய ஒரே காரணத்தால் எதிரணியான ஷார்க்ஸ் பையன்களோடு வாழ வேண்டிவரும் சங்கடம், பள்ளிச் சிறுவர்களிடம் வாங்கும் தோல்வி, தோழனின் தங்கையைக் காதலித்ததால் முறியும் நட்பு எல்லாமே தெருவில் ஆடி வளர்ந்த எவருக்கும் தெரிந்தவை. ஜெய், சிவா, நிதின் சத்யா, பிரேம்ஜி, அரவிந்த் ஆகாஷ், விஜய் வசந்த் ஆகியோரில் எவரையும் நாயகன் என்று தனியே சுட்ட முடியாது. அணிதான் நாயகன்.

இரண்டாம் பாகம் வந்த வாரம் வேறு மாதிரியானது. நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்ட பணமதிப்பு நீக்கத்தால் கையில் சில்லறை இல்லை. டிசம்பர் 5 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்து தமிழகம் துக்கத்தில் இருந்தது. படம் வெளியாகி மூன்றாம் நாள் வர்தா புயல் சென்னையைச் சாய்த்தது. சிரிக்க ஆசைப்பட்டு அரங்குக்கு வந்தவர்களும் இருந்தார்கள், அந்த நேரத்தில் இந்தக் கும்மாளம் ஒட்டவில்லை என்றவர்களும் இருந்தார்கள். பத்தாம் நாள் சேப்பாக்கத்தில் கருண் நாயர் 303 அடித்தபோது நகரத்தின் பேச்சு முழுக்க அசல் கிரிக்கெட்டுக்கே போய்விட்டது.

கதை எளியது. பையன்கள் இப்போது குடும்பஸ்தர்கள். ரகுவின் கல்யாணத்துக்காக மனைவி மக்களோடு தேனிக்குப் போகிறார்கள். அங்கே பழைய கூட்டாளி அரவிந்தைப் பார்க்கிறார்கள்; அவனுக்காக மட்டையைத் தொடப்போய், வைபவ் நடித்த மருது என்ற உள்ளூர் ஆட்டக்காரனோடு மோதல் வளர்கிறது. ஒரு விருந்தில் நடந்தது பெண் வீட்டாருக்குத் தெரியவர, கல்யாணம் நிற்கிறது. மீதி, அதைச் சரிசெய்யும் பாடு.

கூட்டு நகைச்சுவைப் படத்தை இரண்டு விதமாகக் கணக்கெடுக்கலாம். ஒன்று, ஆட்டக்காரர் வாரியாக: யார் எத்தனை ஓட்டம், யாருடைய அடி நினைவில் நின்றது. மற்றது, அணியின் மொத்தம்: ஒருவர் எடுத்த ஓட்டத்தின் மேல் அடுத்தவர் என்ன கட்டினார், கடைசியில் இலக்கை எட்டினார்களா. முதல் கணக்கில் இரண்டாம் பாகம் நன்றாகவே தேறுகிறது. சிவாவின் கார்த்திக் இப்போது இணையத்தில் படங்களை விமர்சிப்பவன். அந்தப் பாத்திரத்தை வைத்தே விமர்சகர்களையும் தங்களையும் சேர்த்துக் கிண்டலடிக்கும் துணிவு படத்துக்கு இருக்கிறது. இன்னும் கல்யாணமாகாத சீனுவாக வரும் பிரேம்ஜி, பாதி வாக்கியத்திலேயே அரங்கைச் சிரிக்கவைக்கிறார். யுவன் சங்கர் ராஜாவின் இசையில் பழைய மெட்டு ஒலிக்கும்போது முதல் படத்தின் ரசிகருக்குத் தொண்டை அடைக்கிறது.

இரண்டாம் கணக்கில்தான் சறுக்கல். முதல் பாகத்தில் ஒவ்வொருவரின் சிக்கலும் அணியைத் தொட்டது: கார்த்திக்கின் காதல், அந்தப் பெண்ணின் அண்ணனான பழனியோடு மனத்தாங்கலானதும் ஆட்டமே கெட்டது. இரண்டாம் பாகத்தில் சிக்கல் ரகு ஒருவனுக்குத்தான். மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்று வசனம் சொல்கிறார்கள். ஒருவர் ஆட, பத்துப் பேர் கைதட்டுவது அணி ஆட்டமாகாது. முதல் படத்தைப் பார்க்காத ஒருவர் இதை நேராகப் பார்த்தால் ‘இவர்கள் ஏன் இவ்வளவு நெகிழ்கிறார்கள்’ என்று கேட்பது நியாயம். நெகிழ்ச்சிக்கான ஓட்டங்கள் 2007இலேயே எடுக்கப்பட்டவை.

கசப்பு அதிகம் எழுந்தது பெண் பாத்திரங்களைப் பற்றி. மனைவிகள் சந்தேகப்படவும் தொலைபேசியில் அதட்டவும் மட்டுமே வருகிறார்கள். முதல் பாகத்தில் தன் காதலுக்காக அண்ணனோடு நின்று பேசிய செல்வியைக்கூட (விஜயலட்சுமி) இந்தப் பாகம் அந்த வரிசையில் நிறுத்திவிட்டது. மனீஷா யாதவ் ஆடிய ‘சொப்பன சுந்தரி’ பாடல் இன்னொரு முனை. அந்தப் பெயர் 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் கார் நகைச்சுவையிலிருந்து வந்தது; அதை இயக்கிய கங்கை அமரன், வெங்கட் பிரபு – பிரேம்ஜி சகோதரர்களின் தந்தை. அப்பாவின் படத்தில் அவள் யார் கண்ணிலும் படாத வெறும் பெயர். அந்தப் பெயருக்கு உருவம் கொடுக்கும் வாய்ப்பு கிடைத்தபோது, மகனின் படம் குத்துப்பாட்டோடு நின்றுவிட்டது. ‘பஞ்சதந்திரம்’ (2002) படத்திலும் ஐந்து தோழர்கள் மனைவிகளிடம் பொய் சொல்லித் தவிக்கிறார்கள். ஆனால் அங்கே மனைவிகள் துப்பறிந்து துரத்துவதால்தான் பொய் மேல் பொய் அடுக்கப்பட்டு சிரிப்பு பெருகுகிறது. எதிரணி பந்து வீசாமல் மட்டை பிடிப்பவரால் ஓட்டம் எடுக்க முடியாது. இந்தப் படம் பெண்களைப் பந்து வீசவே விடவில்லை, அதுவே அதன் பெரிய குறை. 2024இல் தமிழரசன் பச்சமுத்து இயக்கிய ‘லப்பர் பந்து’ அதே உள்ளூர் கிரிக்கெட்டை எடுத்துக்கொண்டு, ஆடும் ஆணின் மனைவியையும் மகளையும் ஆட்டத்தின் நடுவே நிறுத்தியபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

கிரிக்கெட் காட்சிகள் இரு தரப்பும் ஓரளவு ஒத்துப்போகும் இடம். தொப்பை விழுந்தபின் ஓடி ஒற்றை எடுப்பது, பழைய பழக்கத்தில் தாவி இடுப்பைப் பிடித்துக்கொள்வது போன்றவற்றை நடிகர்களின் உண்மையான வயதே தந்தது. முப்பதைத் தாண்டிய அமெச்சூர் ஆட்டக்காரனின் உடல் தமிழ்த் திரையில் இவ்வளவு கரிசனத்தோடு காட்டப்பட்டது அரிது.

மலேசியத் தமிழருக்கு இந்தப் படத்தோடான உறவு வேறு கோணத்தில் அமைகிறது. 2016இல் அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். டிசம்பர் முழுக்க நீண்ட விடுமுறை. ஆகவே தமிழகத்தில் சாதாரண வெள்ளிக்கிழமைப் படமாக வந்தது அங்கே பிள்ளைகளோடு பார்க்கும் விடுமுறைப் படமாகிறது. விருந்துக் காட்சி பெற்றோரை நெளியவைப்பதற்கு இதுவும் காரணம். பினாங்கு மாநிலத்தில் நிபோங் தெபாலை அடுத்த பைராம் தோட்டம் போன்ற இடங்களுக்கு இன்னொரு இடைவெளியும் உண்டு. தென் செபராங் பிறையின் தோட்டங்கள் கரும்பில் தொடங்கி ரப்பருக்கும் பிறகு செம்பனைக்கும் மாறின. பயிர் மாறினாலும் தோட்டத் திடலில் உருண்டது காற்பந்துதான். வேலை முடிந்த மாலையில் ஆடியதும், தோட்டத்துக்குத் தோட்டம் பந்தயம் கட்டியதும் அதில்தான். ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்த கோல் காவலர் ஆர். ஆறுமுகம் போன்றவர்களே அங்கே வீரர்கள். அதே 2016இல், சீனப் புத்தாண்டை ஒட்டி வந்த ‘ஓலா போலா’ என்ற மலேசியக் காற்பந்துப் படத்தில் முத்து என்ற தமிழ்க் கோல் காவலர் கோல் கம்பத்தில் நின்றபோது, எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கிரிக்கெட்டில் யார்க்கர் எது, ஃபுல்டாஸ் எது என்று பிரித்தறியாத அந்தப் பார்வையாளருக்கு ‘செகண்ட் இன்னிங்ஸ்’ தேனிக்குப் போகும் பயணத்தில்தான் தொடங்குகிறது. வேலை தேடிப் பட்டணம் போய்விட்ட தோட்டத்துப் பையன்கள் தீபாவளிக்கோ ஒரு கல்யாணத்துக்கோ திரும்பி வந்து, பழைய திடலில் சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்குவது அவருக்குத் தெரிந்த காட்சி. அவர் பார்வையில் படத்தின் மிகச் சிறந்த கட்டம் கடைசி ஆட்டம் அல்ல, தேனியில் அரவிந்தைக் கண்டதும் எல்லாரும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் நிமிடம்.