பட்டினத்தார் அன்னைக்குப் பாடியதைப் படிப்பது எப்படி?

வெள்ளகோவில் வட்டாரத்தில் தாயையோ தந்தையையோ இழந்தவர்கள், கேதத்துக்கு வந்த உறவினர் கலைந்துபோய், அஸ்தியைக் கொடுமுடிக் காவிரியில் கரைத்துத் திரும்பிய பிற்பாடு, இனி நாம் யாருடைய பிள்ளை என்று உள்ளே எழும் வினாவுக்கு விடை காணாமல் தவிப்பதுண்டு. அத்தருணத்தில், ஊரார் கூறும் உபசார வார்த்தைகளைக் காட்டிலும் உற்ற துணையாக நிற்பவை, பட்டினத்தார் தம் அன்னையின் ஈமக்கிரியையின்போது பாடியனவாக வழங்கும் பாடல்கள். அவற்றைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு.

முதலில், பாடியவர் யாரென்பதை மனத்தில் இருத்த வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராயிருந்து, ஐசுவரியமனைத்தையும் உதறிக் கோவணத்தோடு வெளியேறிய துறவி அவர். பந்தங்களை அறுத்தவருக்குக் கர்மம் செய்யும் அதிகாரமில்லை என்பது சாஸ்திர மரபு. எனினும் அவர் மயானத்துக்கு வந்து, பச்சை வாழைமட்டைகளை அடுக்கிப் பாட்டினாலேயே தீ மூட்டினார் என்பது ஐதிகம். ஆதிசங்கரர் தம் தாய்க்குத் தாமே தகனம் செய்தார் என்றும் சொல்வார்கள். நம் காலத்துக்கு அண்மையில், 1922இல் ரமண மகரிஷியின் அன்னை அழகம்மாள் மறைந்தபோது, அருணாசல மலையடிவாரத்தில் அவருக்குச் சமாதி அமைந்து, பின்னர் அங்கே மாத்ருபூதேஸ்வரர் ஆலயமும் எழுந்தது. சகலத்தையும் துறந்தவரிடத்தும் மகன் என்னும் ஸ்தானம் மிஞ்சி நிற்கிறது.

அடுத்து, பாடல்களை வரிசை குலையாமல் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கருவில் சுமந்த மாதங்களும், தொட்டிலும், மார்பும், தோளும் முதலில் நினைவுக்கு வருகின்றன. பிறகுதான், தன்னை மகனென்று கொஞ்சி அழைத்த வாய்க்கு அரிசியிடவும், அந்தத் தலைமாட்டில் கொள்ளி வைக்கவும் நேர்ந்த கையின் நடுக்கம் வெளிப்படுகிறது. நம் பெண்டிரின் ஒப்பாரியைக் கேட்டுப் பழகிய செவிக்கு இந்த ஓசை அன்னியமாயிராது; அங்கும் இறந்தவர் பட்ட பாடுகளே ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன.

தாய் வெந்து நீறான பின்னர், பால் தெளிக்க எல்லோரையும் அழைக்கும் இறுதிப் பாட்டிலேதான், யாவும் சிவமயம் என்னும் தெளிவு பிறக்கிறது. துக்கம் முழுவதையும் சொல்லித் தீர்த்தவர் வாயிலிருந்து வருவதனாலேயே அந்த வேதாந்தம் நெஞ்சில் தங்குகிறது.

ஆகவே, காரியங்கள் முடிந்த ஒரு மாலையில் வீட்டார் கூடியிருக்கையில், ஒருவர் இப்பாடல்களை முழுமையாக வாசியுங்கள். தொண்டை அடைத்தால் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். கடைசிப் பாட்டை மட்டும் முதலில் படித்துவிடாதீர்கள்.