உள்ளும் சுற்றும்: விம் எடிட்டரின் அடைப்புக்குறித் தேர்வு

விசைப்பலகையை மட்டும் நம்பி இயங்கும் எடிட்டர்களை எடைபோட எத்தனையோ அளவுகோல்கள் உண்டு. எனக்கு ஒன்று போதும்: அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அது எப்படிச் செய்கிறது? தொடக்கமும் முடிவும் குறிக்கப்பட்டிருக்கும் ஒரு துண்டைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாத கருவியை மற்ற வேலைகளில் நம்புவது கடினம். விம் எடிட்டரின் 'டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்' என்ற ஏற்பாட்டை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

1976இல் பில் ஜாய் எழுதத் தொடங்கிய வீஐ, கட்டளையை வினையும் நகர்வுமாகப் பிரித்தது. 'டி' அழிக்கும், 'சி' மாற்றும். எதுவரை என்பதைப் பின்னால் வரும் நகர்வு சொல்லும். சதவீதக்குறியை அழுத்தினால் கர்சர் இணைக்குறிக்குத் தாவும். சிக்கனமான முறை. ஆனால் எல்லா அளவும் கர்சர் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கியது. அடைப்புக்குள் இருப்பதை மாற்ற வேண்டுமென்றால் முதலில் அதன் விளிம்புக்குப் போயாக வேண்டும்.

பிராம் மோலனார் 1991இல் வெளியிட்ட விம், பிற்பாடு இந்தத் தளையை அறுத்தது. கர்சர் உள்ளே எங்கிருந்தாலும் போதும் என்றாக்கியது. இப்படி ஒரு வரி:

அச்சிடு("வணக்கம்", பெயர், "நன்றி")

கர்சர் 'பெயர்' என்பதன் நடுவில் நிற்கிறது. 'சி', 'ஐ', '(' என்று மூன்று விசைகளைத் தட்டினால் அடைப்புக்குள் இருந்த அத்தனையும் போய், குறிகள் மட்டும் நிற்கும், எழுதத் தொடங்கலாம். 'ஐ'க்குப் பதில் 'ஏ' என்றால் குறிகளும் சேர்ந்து போகும். முதல் விசை செயல், இரண்டாவது உள்ளா சுற்றா என்ற வரம்பு, மூன்றாவது எந்தக் குறி. புதிதாக ஒரு வினையைக் கற்றால் அது தெரிந்த எல்லாக் குறிகளோடும் சேரும். புதிதாக ஒரு குறியைக் கற்றால் தெரிந்த எல்லா வினைகளோடும் சேரும். மனப்பாடம் கூட்டல் கணக்கில் வளர, பயன் பெருக்கல் கணக்கில் வளர்கிறது.

இதன் உச்சமான சாதனை புள்ளி விசையில் வெளிப்படுகிறது. 'சி ஐ (' என்று மாற்றி எழுதிய பிறகு, வேறொரு அடைப்புக்குள் போய்ப் புள்ளியைத் தட்டினால் அங்கும் அதே மாற்றம் நிகழ்கிறது. முதல் அடைப்புக்குள் பத்து எழுத்து இருந்திருக்கலாம், இரண்டாவதில் நாலு வரி இருக்கலாம், கவலையில்லை. கட்டளை நினைவில் வைத்திருப்பது தூரத்தை அல்ல, எல்லையை. சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுக்கும் முறையில் இத்தகைய மறுபயன்பாட்டுக்கு வழியே இல்லை.

கருத்து இவ்வளவு செம்மையாக இருப்பதால்தான் நிறைவேற்றத்தின் குறைகள் உறுத்துகின்றன. அடைப்புக்குறிக்குத் திசை உண்டு. திறப்பு ஒன்று, மூடல் வேறு. எண்ணிப் பார்த்தே இணையைக் கண்டுவிடலாம். நேர் மேற்கோள்குறிக்குத் திசை கிடையாது. இங்கே விம் ஊகத்தில் இறங்குகிறது. மேலே காட்டிய வரியில், கர்சர் 'பெயர்' மேல் இருக்கும்போது 'சி ஐ "' என்று தட்டிப் பாருங்கள். கர்சருக்கு முன்னால் உள்ள மேற்கோள்குறியைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, இரு சரங்களுக்கும் நடுவே உள்ள காற்புள்ளிகளையும் 'பெயர்' என்பதையும் விழுங்கிவிடும். முதல் சரத்தின் மூடல் இரண்டாவதின் திறப்போடு இணை சேர்ந்துவிட்டது. கர்சர் மேற்கோள்குறியின் மேலேயே நின்றால் மட்டும் வரியின் தொடக்கத்திலிருந்து எண்ணிச் சரியாகப் பிடிக்கிறது. சரியான முறையைக் கையில் வைத்துக்கொண்டே பாதி இடங்களில் அதைப் பயன்படுத்தாமல் விடுவதை வடிவமைப்பு என்று ஏற்க முடியாது. ஆங்கில உரைநடையில் நிலைமை இன்னும் மோசம்: 'டோன்ட்'டின் ஒற்றைக்குறியும் அதே வரியில் பின்னால் வரும் 'இட்ஸ்'ஸின் ஒற்றைக்குறியும் இணையாகிவிடும்.

இசைவின்மைகளும் உண்டு. 'ஏ (' அடைப்போடு நிறுத்திக்கொள்கிறது, 'ஏ "' பின்னால் உள்ள இடைவெளியையும் சேர்த்து அள்ளுகிறது. இதற்கு வசதி சார்ந்த நியாயம் சொல்லலாம். அடுத்ததற்கு அதுவும் முடியாது. 'மேட்ச்பேர்ஸ்' என்ற அமைப்பில் நமக்கு வேண்டிய இணைகளைச் சேர்த்தால் சதவீத விசை கீழ்ப்படியும். டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட் கண்டுகொள்வதே இல்லை. தமிழ் உரைநடையை விம்மில் தட்டுபவர்களுக்கு இதன் இழப்பு தெரியும். அச்சில் நாம் பயன்படுத்தும் வளைந்த மேற்கோள்குறிகளுக்குத் திறப்பு, மூடல் என்ற திசை தெளிவாக உண்டு. எளிதாகப் பிடிக்கக்கூடிய அவற்றை விட்டுவிட்டு, பிடிக்கக் கடினமான நேர்குறியோடுதான் மல்லுக்கட்டுகிறது விம்.

போட்டியாளர்களையும் பார்த்துவிட வேண்டும். ஈமேக்ஸ் ஒவ்வொரு மொழிக்கும் தனி அட்டவணை வைத்து, எது சரம், எது குறி என்று அறிந்து தாவுகிறது. சரத்துக்குள் வெறும் எழுத்தாகக் கிடக்கும் ஒற்றைத் திறப்புக்குறி அதை ஏமாற்றாது, விம்மின் 'ஐ (' பின்னோக்கித் தேடும்போது மேற்கோள்களைப் பொருட்படுத்தாததால் அங்கே இடறும். ஆனால் உள், சுற்று என்ற இருமையை ஒரே விசையில் அடக்கிய நேர்த்தி ஈமேக்ஸின் அடிப்படைக் கட்டளைகளில் இல்லை. ககூனும் ஹீலிக்ஸும் வரிசையைத் திருப்பிப்போட்டன: முதலில் தேர்வு, பிறகு செயல். எது அழியப்போகிறது என்பதை அழிவதற்கு முன்பே கண்ணால் பார்க்கலாம். மேலே சொன்ன மேற்கோள் விபத்து நேருமுன் தெரிந்துவிடும். இது மெய்யான முன்னேற்றம். விலையும் உண்டு: ககூனில் புள்ளி விசை எழுதியதை மட்டும் திரும்பச் செய்யும், தேர்வைத் திரும்பச் செய்ய வேறு விசை வேண்டும். ஒரே வாக்கியமாக இருந்தது இரண்டாக உடைகிறது. பல இடங்களை ஒருசேரத் தேர்ந்தெடுக்கும் வசதி இதைப் பெருமளவு ஈடுசெய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ட்ரீ-சிட்டர் நிரலைப் பகுத்து மரமாகவே வைத்துக்கொள்வதால் துல்லியத்தில் எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. அதற்கு மொழிக்கொரு இலக்கணக் கோப்பு வேண்டும். ஒரு கடித வரைவிலோ சர்வர் பதிவிலோ அதற்கு வேலை இல்லை. விம்மின் மூன்று விசைகள் அங்கேயும் அப்படியே செல்லும்.

ஆகவே, கட்டளை மொழி என்ற அளவில் விம்மின் டெக்ஸ்ட் ஆப்ஜெக்டையே முதலிடத்தில் வைக்கிறேன். பின்வந்த ஹீலிக்ஸும் ககூனும் வரிசையை மாற்றினாலும் உள், சுற்று என்ற பகுப்பை அப்படியே எடுத்துக்கொண்டதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். தேடும் பொறி என்ற அளவில் அதை இரண்டாம் தரம் என்றே சொல்ல வேண்டும். 'டார்கெட்ஸ்' போன்ற நீட்சிகள் பல ஓட்டைகளை அடைக்கின்றன. அந்தப் பெருமை நீட்சிகளை எழுதியவர்களுக்கு உரியது, மூலக் கருவியின் கணக்கில் சேராது. மேற்கோளுக்கு எல்லா இடத்திலும் வரித் தொடக்கத்திலிருந்து எண்ணுவது, 'மேட்ச்பேர்ஸ்' பட்டியலுக்கு 'ஐ'யும் 'ஏ'யும் கட்டுப்படுவது: இந்த இரண்டு திருத்தங்களும் மூலத்திலேயே வர வேண்டியவை. வந்தால் இந்த இலக்கணத்தின் ஒரு விதிகூட மாறாது.