தோட்டத்துப் பெண்ணும் பெண்தான்: கொழும்பின் பெண்ணுரிமை மரபுகள்

இலங்கையின் அரசியலமைப்பை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொல்லப் போன பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தாரிடம், தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தாம், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றார் ஏக்னஸ் டி சில்வா. 1927 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் கொழும்பின் வசதியான வீட்டுப் பெண்கள். அந்தக் கூட்டத்திலிருந்து இப்படியொரு பதில் வந்தது பெரிய காரியம். இந்நகரில் பெண்ணுரிமை பேசிய எல்லா மரபுகளையும் உரசிப் பார்க்க இந்தப் பதிலைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

முதலில் வந்தது மிஷன் மரபு. கொட்டாஞ்சேனை நல்லாயன் கன்னியர் மடம் போன்ற பாடசாலைகள் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தையும் கூடவே அடக்கத்தையும் கற்பித்தன. பேரரசோடு வந்தவர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். கனடாவிலிருந்து மிஷன் மருத்துவராக வந்த மேரி இரட்னம் ஒரு தமிழரை மணந்ததால் மிஷனின் ஆதரவை இழந்தார். அவரே பின்னர் வாக்குரிமைச் சங்கத்திலும் லங்கா மகிலா சமித்தியிலும் முன்னின்றார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார்.

சைவ மறுமலர்ச்சி மரபு மிஷனுக்குப் போட்டியாக எழுந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி கட்டினார். அதே இராமநாதன்தான் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பது இந்து வாழ்முறைக்கு ஒவ்வாது என்று வாதாடினார். படித்த மனைவி வேண்டும், வாக்களிக்கும் மனைவி வேண்டாம் என்பதே அந்த மரபின் எல்லை. அவர் 1930இல் காலமானார். மறு ஆண்டே இருபத்தொரு வயது நிரம்பிய பெண்கள் வாக்களித்தார்கள். 1932இல் கொட்டாஞ்சேனை அடங்கிய கொழும்பு வடக்கு, நேசம் சரவணமுத்து என்ற பெண்ணை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

உரைகல்லில் நன்றாகத் தேறியது தொழிலாளர் மரபு. தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டத்து மக்களின் துயரைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் தாமே பாடினார். ஆனால் 1948, 1949 ஆண்டுகளின் சட்டங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தபோது, ஏக்னஸ் கேட்டு வாங்கிய உரிமை அந்தப் பெண்களின் கையைவிட்டுப் போயிற்று. பெண்ணாக வென்றதை இனத்தால் இழந்தார்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் தன் சீதனக் காணியை விற்க நொத்தாரிசிடம் போனால், முதலில் வரும் கேள்வி, "கணவர் கையெழுத்து வைப்பாரா?" யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை சீதனத்தை அவளுடைய சொத்து என்கிறது, கணவனின் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் அவள் உயிரோடிருக்கையில் அதைக் கைமாற்ற முடியாது என்றும் சொல்கிறது. சம்மதம் மறுக்கப்பட்டால் மாவட்ட நீதிமன்றம்தான் வழி. எங்கள் பெரியவர்கள் இதை ஆதிகாலத்து வழக்கம் என்பார்கள். எழுதிவைத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி, 1707இல். சரி பார்த்தவர்கள் பன்னிரண்டு முதலியார்கள், எல்லோரும் ஆண்கள். பிரித்தானியர் 1806இல் அதற்குச் சட்டவலு கொடுத்தார்கள். கணவன் சம்மதம் இன்று நிற்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில். பேரரசும் பழைமைவாதமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நம்புகிறவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை வரிசையாகப் படிக்க வேண்டும்.

முஸ்லிம் பெண்களின் கதையும் இதற்கு அண்மையானது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமகள் கையெழுத்திட இடமில்லை, பெண் காதி நீதிபதியாக முடியாது. திருத்தம் கேட்ட முஸ்லிம் பெண்கள் ஒருபுறம் மார்க்கத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று ஏசப்பட்டார்கள். மறுபுறம், முஸ்லிம்களை வெறுப்போர் அவர்களின் கோரிக்கையைத் தம் ஆயுதமாக்கப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் அடிபணியாமல் பேசிய அந்தப் பெண்களை நம் காலத்தின் மிகத் துணிவான மரபென்றே கருதுகிறேன். அந்தச் சட்டத்தின் திருத்தங்களை ஆராய 2009இல் சலீம் மர்சூப் தலைமையில் அமைத்த குழு அறிக்கை கொடுத்தது 2018இல்.

இவற்றையெல்லாம் சேர்த்துச் சிந்திக்கக் கற்றுத்தந்தவர் குமாரி ஜயவர்தன. மூன்றாம் உலகின் பெண்ணியமும் தேசியமும் பற்றிய அவருடைய 1986ஆம் ஆண்டு நூல், பெண்ணியம் மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்ற பேச்சுக்குச் சான்றுகளோடு பதில் சொன்னது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து பெண்களின் கவிதைத் தொகுப்பான 'சொல்லாத சேதிகள்' வந்தது. வெள்ளவத்தையில் செல்வி திருச்சந்திரன் வழிநடத்திய பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனம் 'நிவேதினி' சஞ்சிகை வழியாக இவ்விவாதத்தைத் தமிழில் நடத்தியது.

மூலதனத்தின் முன்தான் நம் மரபுகள் பெரும்பாலும் வாயடைத்து நிற்கின்றன. 1978இல் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் திறந்த பிறகு தையல் மெஷின் முன் குனிந்த பெண்களைப் பற்றிச் சிங்களத்தில் நிறைய எழுதினார்கள்; தமிழில் குறைவு. நம் அடுக்குமாடிகளைப் பாருங்கள்: குசினிக்குப் பின்னால், ஒரு பாய் விரிக்கக்கூடிய அளவில் அறை, பக்கத்தில் தனிக் கழிவறை. அங்கே படுப்பவர் பெரும்பாலும் மலையகத்திலிருந்து வந்த பெண். வீட்டுக்காரி காலையில் கந்தோருக்குப் போக முடிவது இந்தப் பெண் ஐந்து மணிக்கு எழும்புவதால்தான். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்யச் சொன்னது. 2016இல் வந்த தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.