முச்சையின் சூட்சுமம்

தைப்பொங்கலன்று யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பட்டப் போட்டிக்குக் கூடும் ரசிகர்களிற் பெரும்பாலோர் பட்டங்களின் பருமனையும் விசித்திர உருவங்களையும் கண்டு பிரமிப்பார்கள். பட்டத்திற் கட்டிய விண் கூவும் சுருதியைக் கேட்டே தரம் பிரிக்கும் நுண்செவியர் சிலரும் உண்டு. இரு சாராரையும் மதிக்கிறேனாயினும், என் பார்வை எப்போதும் பட்டத்தை ஏற்றுநூலோடு பிணைக்கும் முச்சைக் கயிறுகளின் முடிச்சிலேயே போய் நிற்கும்.

வாடை உரத்து வீசுகையில் அம்முடிச்சைத் தலைப்பக்கம் விரலளவு ஏற்றினால், பட்டம் காற்றுக்கு நெஞ்சைக் குறைத்துக் காட்டி, இழுவை தணிந்து, உச்சிக்கு ஏறும். காற்று மெலிகையில் சற்றே இறக்கினால் நெஞ்சு நிமிர்ந்து காற்றை வாங்கிக்கொள்ளும். அளவு மிஞ்சி இறக்கினாலோ, முதுகைத் தழுவியோடும் காற்று பிரிந்துபோக, எத்தனை நூல் விட்டும் பயனின்றித் தொய்ந்துவிடும். எங்கள் ஊர்க் கிழவர் ஒருவர், கொக்குப் பட்டத்தைக் காற்றிற் பிடித்த கணத்திலேயே, இவ்விவகாரம் முழுவதையும் விரல் நுனியில் உணர்ந்து முடிச்சை நகர்த்துவார்; அத்தகைய விரல்கள் இப்போது அருகிவிட்டன.

முச்சைக்குச் சொன்ன நியாயம் பந்தயக் காருக்கும் பொருந்தும். 2025 ஜனவரியில், துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி போர்ஷே 911 ஜிடி3 கப் காரோடு தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது, இளைஞர் பலர் அக்காரின் பின்சிறகு அகலத்தையே வியந்தார்கள். கவிழ்த்துக் கட்டிய பட்டந்தான் அது: சக்கரங்களைத் தரையோடு அழுத்தி வளைவிற் பிடிமானம் தந்து, அதற்கு விலையாக நேர்பாதை வேகத்திற் சிறிது கவர்ந்துகொள்ளும். அமுக்கம் குறைந்து காரியம் நடப்பது சிறகின் அடிப்புறத்திலாதலால், சில பந்தயக் கார்களில் அங்கே காற்றைக் குழப்பாதபடி தாங்கிகளை மேலிருந்து அன்னக்கழுத்தாய் வளைத்திறக்கிய சிற்பியையே நான் மெச்சுவேன். 1972 இல் போர்ஷே நிறுவனமே கரேரா ஆர்எஸ் காரின் பின்மூடியில் சற்றே நிமிர்த்திவிட்ட வாத்துவால், வேகத்திற் பின்பக்கம் மேலெழும் சுபாவத்தைத் தணித்ததென்றால், அகலம் எங்ஙனம் பிரதானமாகும்?

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. 200 கிலோமீட்டர் வேகத்திற் பிறப்பதில் 16 இல் ஒரு பங்கே 50 இற் கிடைக்கும். ஆகவே யாழ்ப்பாண நகரத்துக்குள் ஊரும் சிறு கார்களின் பின்சிறகு வெறும் ஆபரணம். அதிலே எனக்குப் பிணக்கில்லை. முச்சை கட்டியே விற்கும் கடைப் பட்டத்தை வாங்கி, அது ஏறாதபோது காற்றைக் குறைகூறும் வழக்கந்தான் பொறுக்கவில்லை. உருவத்துக்குப் பரிசளிக்கும் நடுவர்கள், களத்திலே முச்சையை அவிழ்த்து அன்றைய காற்றுக்கிசையத் தாமே கட்டி ஏற்றுபவருக்கும் ஒரு பரிசை ஒதுக்குவார்களாக.