உரச்சாக்கு திண்மமா?

பருப்பொருளின் மூன்று நிலைகளையும் பிளாஸ்டிக் குப்பையையும் ஒரே பாடமாகச் சேர்த்து நடத்தும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் போதும். பாட்டில் திண்மம், உள்ளே இருப்பது திரவம், குடித்து முடித்தபின் அதை நிறைத்து நிற்பது வாயு. அந்தப் பாட்டிலை எந்தக் கூடையில் போடுவது என்று கடைசியில் கேட்டுவிட்டால் சுற்றுச்சூழல் பாடமும் முடிந்தது. கைக்கு அடக்கமான ஏற்பாடுதான். ஆனால் இந்த இரண்டு பாடங்களும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றனவா, ஒரே வகுப்பு நேரத்தில் நடப்பதால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா?

முதல் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. ‘திண்’ என்றாலே உறுதி, வலிமை. திண்மம் என்றதும் பிள்ளைக்குக் கல்லும் செங்கல்லும்தான் நினைவுக்கு வரும். பஞ்சு? துணி? மளிகைக்கடைக் கவர்? 1985இல் வெளிவந்த ரூத் ஸ்டேவி, டோவ் ஸ்டாச்செல் ஆய்வு இதைத்தான் காட்டியது: விறைப்பான பொருளைத் திண்மம் என்று எளிதாகச் சொல்லும் குழந்தைகள், வளைகிற பொருளிடமும் தூளிடமும் தடுமாறுகிறார்கள். இங்கே பிளாஸ்டிக் உண்மையாகவே உதவுகிறது. கசக்கிப் பையில் திணிக்கிற கவரும் பாலித்தீன்தான், தூக்கிப் போட்டாலும் நசுங்காத கேனும் பாலித்தீன்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ‘கெட்டியாக இருப்பது திண்மம்’ என்ற மனப்பாடம் உடையும். செங்கல்லை வைத்து இதைச் செய்ய முடியாது.

அடுத்த படியில்தான் பாடம் சறுக்குகிறது. ஐஸ் உருகித் தண்ணீராகிறது, தண்ணீர் உறைந்து மறுபடி ஐஸாகிறது. அதேபோல் பிளாஸ்டிக்கும் உருகும், அச்சில் ஊற்றினால் புதுப்பொருளாகும் என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் ஆயிரம் முறை உறைந்தாலும் தண்ணீரே. பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறு இழைகளோ ஒவ்வொரு முறை உருக்கும்போதும் கொஞ்சம் அறுபடுகின்றன, பொருள் தரம் இறங்குகிறது. கவர் செய்கிற பாலித்தீன் 110 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகும். தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக்குக் கிட்டத்தட்ட 250 டிகிரி வேண்டும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டால் உருப்படியாக எதுவும் வராது. சிப்ஸ் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கும். குக்கரின் பேக்லைட் கைப்பிடி உருகவே உருகாது, கருகும். இத்தனையையும் மறைத்து ஐஸ் உவமையைச் சொன்னால், கவலையில்லாமல் வாங்கு, உருக்கிக்கொள்ளலாம் என்றுதான் பிள்ளை படிக்கும். (இதை நிரூபிக்க வகுப்பில் கவரை மெழுகுவர்த்தியில் காட்டுகிற வேலையே வேண்டாம். அந்தப் புகையைப் பிள்ளைகள் மூச்சில் இழுக்கக்கூடாது.)

எதிர்வாதமும் இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் வகுத்த முறையில், சூடான ஜல்லியின்மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக் உருகிப் படிந்து, பிறகு தாரோடு சேர்ந்து சாலையாகிறது. 2018இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. உருகுதலுக்கு நம் ஊரிலேயே இருக்கும் நல்ல உதாரணம். ஆனால் அந்தச் சாலையிலிருந்து கவர் திரும்பி வராது. போன வழியே திரும்பிவரும் ஐஸுக்கு நேர்மாறான கதை இது. அப்படிச் சொல்லிக்கொடுத்தால் சரி.

இந்த இரண்டு பாடங்களும் மெய்யாகவே பொருந்தும் இடம் வேறு. மொட்டைமாடியில் ஒரு வருஷம் கிடந்த உரச்சாக்கைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கை பட்டதும் பொலபொலவென்று உதிரும். வெயிலின் புறஊதாக் கதிர் அதன் இழைகளை அறுத்துவிட்டது. அது உருகவில்லை, ஆவியாகவில்லை, மக்கவும் இல்லை. தூளாகியிருக்கிறது, அவ்வளவுதான். ‘மக்காத குப்பை’ என்று நாம் எழுதிவைத்த பெயர் இதைச் சொல்வதில்லை. அந்தப் பெயரைக் கேட்ட பிள்ளை, சாக்கு நூறு வருஷம் சாக்காகவே கிடக்கும் என்று நினைத்துக்கொள்ளும். ஊற்றினால் கொட்டுகிற மணலைத் திரவம் என்று மயங்கும் அதே பிள்ளைக்கு, கண்ணுக்குத் தெரியாத துகளும் திண்மமே, அது எங்கும் போய்விடவில்லை என்று புரியவைக்க இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. நிலைகள் பற்றிய பாடத்தின் மிகக் கடினமான முடிச்சும் குப்பையின் மிகப்பெரிய தொல்லையும் இந்த ஒரு பிடித் தூளில் சேர்கின்றன.

பாடத்தின் ஒழுக்க உபதேசப் பகுதியை நான் அதிகம் மதிப்பதில்லை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கவரின் தடிமன் 120 மைக்ரானுக்குக் குறையக்கூடாது என்று 2022 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்க விதி இருக்கிறது. இவற்றை மீறுவது எட்டு வயதுப் பிள்ளை அல்ல. உறுதிமொழி வாசிக்க வைக்கும் பத்து நிமிஷத்தில் ஒரு கவரைக் கத்தரித்து, கத்தரிப்பதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வைக்கலாம்.

ஆகவே என் தீர்ப்பு: சேர்த்தே நடத்தலாம், ஆனால் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில், உருகுதலில் அல்லாமல் தூளாவதில் இணைத்து. முதலிரண்டு வகுப்புகளுக்கு ஐஸும் நெய்யும் போதும். தேர்வையும் மாற்ற வேண்டும். ‘திண்மத்துக்கு மூன்று உதாரணம் தருக’ என்று கேட்டால் கல், மரம், மேசை என்று எழுதி எல்லோரும் தேறிவிடுவார்கள். ‘மாடியில் உதிர்ந்த சாக்கு மழைக்குப் பிறகு எங்கே போயிற்று?’ என்று கேட்டால், விடைத்தாள் திருத்த ஆசிரியருக்கு ஒரு சாயங்காலம் கூடுதலாகப் பிடிக்கும்.